பிடித்தம்

உங்கள் சம்பளச் சீட்டைக் கடைசியாக எப்போது முழுசாகப் படித்தீர்கள்?

நம்மில் பல பேர் தாவல் நிபுணர்கள். மேலே பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை. அப்புறம் ஒரே தாவு, கடைசி வரி. கைக்கு எவ்வளவு வருகிறது? நடுவில் இருக்கும் பிடித்தங்களைப் படித்தால் வயிறு எரியும் என்பதால் படிப்பதில்லை. தமிழும் குசும்பு பிடித்த மொழிதான். நமக்குக் கொஞ்சமும் பிடிக்காமல் போகிற பணத்துக்குப் 'பிடித்தம்' என்று பெயர் வைத்திருக்கிறது பாருங்கள்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகளின் சம்பளச் சீட்டில் இந்தப் பகுதி ரொம்பவே நீளம். வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலை போனால் கிடைக்கிற காப்பீடு என்று வரிசையாகப் போய், இன்னொன்றும் வரும். நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு. வைத்தியச் செலவுக்கு இது கிடையாது. அது மருத்துவக் காப்பீட்டின் கணக்கு. குளிக்க, உடுத்த, சாப்பிட, கழிவறைக்குப் போக இன்னொருவர் கை வேண்டும் என்ற நிலைமை வந்துவிட்டால், அந்தக் கைக்கு ஆகும் செலவில் ஒரு பங்கைத் தருகிற காப்பீடு.

மியூனிக்கில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் இருபத்தாறு வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய அப்பா அம்மா தாம்பரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் காப்பீட்டிலிருந்து ஒரு பைசா வராது. அவனே நாளைக்கு மூட்டை கட்டிக்கொண்டு இந்தியா திரும்பிவிட்டால், பராமரிப்புப் பலன் கூடவே விமானம் ஏறி வராது. ஆனால் மாதா மாதம் பணம் மட்டும் கரெக்டாகப் போகும். ஏதோ ஒரு ஜெர்மன் பாட்டியின் கட்டிலுக்குப் போகும்.

"முன்னே பின்னே தெரியாத பாட்டிக்கு நான் ஏன் சார் கொடுக்கணும்? அதை என் கம்பெனி ஏன் பிடிக்கணும்?" என்று அவன் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் கதை தெரிய வேண்டும்.

1990-களின் தொடக்கம் வரை ஜெர்மனியில் முதியோர் இல்லத்துச் செலவைச் சமாளிக்க முடியாமல், வாழ்நாள் பூரா உழைத்துச் சம்பாதித்தவர்கள் கடைசியில் அரசாங்கத்தின் ஏழைகள் உதவிப் பணத்தில் போய் நிற்க வேண்டியிருந்தது. கௌரவமாக வாழ்ந்த மனிதருக்கு எண்பது வயதில் 'ஏழை' என்று முத்திரை. இதை மாற்றத்தான் தொழிலாளர் நலத்துறை அமைச்சராக இருந்த நோர்பர்ட் ப்ளூம் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தார். 1994-ல் சட்டம். 1995 ஜனவரி முதல் சம்பளத்தில் பிடித்தம். தொடக்கத்தில் ஒரு சதவீதம், 1996 ஜூலையில் 1.7. இன்னும் படிப்படியாக ஏறி, 2025 ஜனவரியில் 3.6 சதவீதம் ஆனது. பாதி தொழிலாளி, பாதி முதலாளி.

இந்தப் 'பாதி முதலாளி'யில்தான் சண்டையே வந்தது. "ஏற்கெனவே ஏகப்பட்டது கட்டுகிறோம், இன்னொரு பாரமா?" என்று முதலாளிகள் மல்லுக்கு நின்றார்கள். அரசியல்வாதிகள் ஒரு சமரசம் கண்டுபிடித்தார்கள். வருஷத்தில் ஒரு நாள் விடுமுறையை ரத்து செய்துவிடலாம். அந்த ஒரு நாள் உழைப்பு முதலாளி கொடுக்கிற பங்குக்கு ஈடு!

எந்த விடுமுறை தெரியுமா? நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை வரும், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் செய்த தவறுக்கு வருந்திப் பிரார்த்தனை செய்கிற நாள். 1995 முதல் அது வேலை நாள் ஆகிவிட்டது. தவறுக்கு வருந்துவதற்கென்று இருந்த ஒரு நாளைக் கொடுத்துவிட்டு, படுக்கையில் கிடப்பவருக்கு ஒரு கையை வாங்கிக்கொண்டார்கள். எது பெரிய பிரார்த்தனை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சாக்ஸனி மாநிலம் மட்டும் முரண்டு பிடித்தது. "எங்களுக்கு லீவு வேண்டும்." சரி, வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலாளி பங்கில் அரை சதவீதம் தொழிலாளி தலையில் என்றார்கள். மூவாயிரம் யூரோ சம்பளம் என்று வைத்துக்கொண்டால், மற்ற மாநிலங்களில் தொழிலாளி 54 யூரோ, முதலாளி 54 யூரோ. சாக்ஸனியில் தொழிலாளி 69, முதலாளி 39. ஒரு நாள் லீவுக்காக மாதம் 15 யூரோ. முப்பது வருஷத்துக்கு அப்புறமும் அந்தக் கணக்கு அப்படியே நடக்கிறது.

முதலாளி பங்கு என்பதும் கடைசியில் தொழிலாளிக்குக் கொடுத்திருக்க வேண்டிய சம்பளத்திலிருந்து வருவதுதான் என்று வாதாடுகிற பொருளாதார நிபுணர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் யார் பையிலிருந்து பணம் போகிறது என்ற கேள்வியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பணம் போய்ச் சேரவில்லை என்றால் யார் கழுத்தைப் பிடிப்பது?

இங்கே ஜெர்மன் சட்டம் கறாரோ கறார். ஒவ்வொரு மாதமும், மாதக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் மூன்றாவது வங்கி வேலை நாளுக்குள் மொத்தப் பணமும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பிடிக்க மறந்துவிட்டாரா? அடுத்த மூன்று சம்பளத்துக்குள் பிடித்துக்கொள்ளலாம். அதற்கும் மேல் தூங்கினால், தவறு அவருடையதாக இருக்கும் பட்சத்தில், தொழிலாளியின் பங்கையும் அவரே கட்ட வேண்டியதுதான். குறைந்தது நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை தணிக்கைக்காரர்கள் வந்து புரட்டிப் பார்ப்பார்கள். தொழிலாளியின் பங்கைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் அது கிரிமினல் குற்றம். ஐந்து வருஷம் வரை சிறை, அல்லது அபராதம். "சார், அந்த மாசம் நான் சம்பளமே கொடுக்கவில்லை, பிறகு எங்கே பிடிப்பது?" என்றும் தப்பிக்க முடியாது. சம்பளம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தப் பணம் போயாக வேண்டும்.

கொடுமையாகத் தெரிகிறதா? காமர்ஸ் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். பிடித்த பணம் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் வராது. கொடுக்க வேண்டியது என்ற பக்கத்தில் உட்காரும். அது முதலாளியின் மேஜையில் இருக்கலாம், முதலாளியின் வங்கிக் கணக்கில் இருக்கலாம், ஒரு நிமிஷம்கூட அது முதலாளியின் பணம் கிடையாது.

ஆனால் தொழில் நடத்துபவரின் அவஸ்தையையும் சொல்ல வேண்டும். மாதக் கடைசி. சரக்குக் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார். வங்கிக்காரர் போன் செய்கிறார். கல்லாவில் மிச்சம் இருப்பது இந்தப் பிடித்தப் பணம் மட்டும்தான். "இந்த மாசம் மட்டும் இதை எடுத்துச் சமாளிச்சிட்டு அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிடலாம்" என்று மனசு சொல்லும். உலகத்தில் எத்தனையோ நேர்மையான மனிதர்கள் சறுக்கிய இடம் இந்த 'மட்டும்'தான். சரக்குக் கொடுத்தவர் வாசலில் நின்று சத்தம் போடுவார். கட்டிலில் கிடக்கிற பாட்டி சத்தம் போட மாட்டாள். அவளுக்குப் பதிலாகச் சத்தம் போடத்தான் சட்டம். சத்தம் போடத் தெரிந்தவரின் கடனை முதலில் அடைப்பது மனித சுபாவம். சத்தம் போட முடியாதவரின் கடனை முதலில் அடைக்கச் சொல்வது தர்மம்.

சரி, இவ்வளவு கெடுபிடி எதற்கு? இஷ்டப்பட்டவர்கள் சேரட்டுமே, கஷ்டப்பட்டு ஏன் பிடிக்க வேண்டும்?

இதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். சியாட்டில் நகரம் இருக்கும் வாஷிங்டன் மாநிலம் 2019-ல் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. 2023 ஜூலை முதல் சம்பளத்தில் 0.58 சதவீதம் பிடித்தம். ஆயிரம் டாலருக்கு ஐந்து டாலர் எண்பது காசு. முதலாளி கையிலிருந்து போட வேண்டியது எதுவும் இல்லை. பிடித்து, கணக்கெழுதி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அனுப்பினால் போதும். சட்டம் வந்த புதிதில், 2021 நவம்பர் 1-க்கு முன் தனியாரிடம் பாலிசி எடுத்து வைத்திருப்பவர்கள் விலக்குக் கேட்கலாம் என்று ஒரு கதவைத் திறந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் அந்தக் கதவு வழியாக வெளியேறிவிட்டார்கள். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களும் 2025 வரை விலக்குக் கேட்க முடிந்தது. சியாட்டில் பக்கம் இருக்கும் நம்மவர்களில் அந்தக் கடிதத்தைக் கம்பெனியில் கொடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. திரும்பிப் போகப் போகிற ஊரில் செல்லாத சீட்டுக்கு யார்தான் காசு கட்டுவார்கள்?

இப்படி எல்லாரும் தனித்தனியே நியாயமாக யோசித்தால் என்ன ஆகும்? இளைஞர் போய்விடுவார். ஆரோக்கியமானவர் போய்விடுவார். வசதி உள்ளவர் போய்விடுவார். மிஞ்சுவது நாளைக்கே உதவி தேவைப்படுகிறவர்கள் மட்டும். பத்து பேர் தூக்க வேண்டிய தேரை இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கும். 2024 நவம்பரில், இதை எல்லாருக்குமே இஷ்டம் போல் ஆக்கிவிடலாமா என்று வாஷிங்டன் வாக்காளர்களிடம் கேட்டார்கள். வேண்டாம் என்று பெரும்பான்மை சொல்லிவிட்டது. தங்கள் சம்பளத்திலிருந்து போகிற பணத்துக்குத் தாங்களே ஓட்டுப் போட்டார்கள்.

கட்டாயம் ஏன் என்பதற்கு இது பதில். முதலாளி ஏன் என்பதற்கு?

நடைமுறைக் காரணம் எளிது. வாய்க்காலில் தண்ணீர் பிரிக்க வேண்டுமென்றால் மடையில் பிரிக்க வேண்டும். வயலுக்குள் பாய்ந்த பிறகு பிரிக்க முடியாது. சம்பளம் புறப்படுகிற மடையில் நிற்பவர் முதலாளி. நம் பி.எஃப். பணம் அங்கேயே பிரிவதும் இதனால்தான்.

ஆனால் எனக்கு இன்னொரு காரணம் தெரிகிறது. காலை ஒன்பது மணிக்கு டை கட்டிக்கொண்டு ஆபீசில் வந்து உட்காருகிறாரே ஒருவர், அவர் எப்படி வந்தார்? அவர் வீட்டில் படுக்கையில் ஒரு தாய் இருந்தால், அந்தத் தாயின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். மனைவியாக இருக்கலாம், தங்கையாக இருக்கலாம், கூலிக்கு வந்தவராக இருக்கலாம். அந்தக் கை அங்கே இருப்பதால்தான் இந்தக் கை இங்கே கீபோர்டைத் தட்டுகிறது. அந்த உழைப்பின் பலன் தினமும் கம்பெனிக்குப் போகிறது. அதற்கு பில் வருவதில்லை. பராமரிப்புக் காப்பீட்டில் முதலாளியின் பாதி என்பது, என்னைக் கேட்டால், அந்த வராத பில்லுக்குக் கட்டுகிற சின்னத் தொகை. அதனால்தான் வாஷிங்டன் ஏற்பாட்டைவிட ஜெர்மன் ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஜெர்மனிக்காரர்கள் அந்தக் கையை ஓரளவு கண்ணால் பார்த்தும் இருக்கிறார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டால் நிலைமையின் கடுமையைப் பொறுத்து, 2025 கணக்குப்படி, மாதம் 347 யூரோ முதல் 990 யூரோ வரை ரொக்கம் தருகிறார்கள். வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது உறவினரைப் பராமரிக்கிறவருக்கு, சில நிபந்தனைகளோடு, அந்தக் காப்பீடே ஓய்வூதியச் சந்தாவும் கட்டுகிறது. மாமியாருக்கு உடம்பு துடைத்துவிட்ட வருஷங்கள் மருமகளின் பென்ஷன் கணக்கில் ஏறுகின்றன! நம் வீடுகளில் அந்த வருஷங்கள் எந்தக் கணக்கில் ஏறுகின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"பணம் கொடுத்துவிட்டால் பாசம் போய்விடாதா?" என்று ஒரு கேள்வி எழும். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளையின் கடன் என்று வளர்ந்தவர்கள் நாம். தமிழில் கடன் என்றால் கடமை என்றும் அர்த்தம், வாங்கிய பணம் என்றும் அர்த்தம். கடமையைப் பணமாக மாற்றிவிட்டால் உறவு கடைச்சரக்கு ஆகிவிடாதா?

ஜெர்மனியில் 2023 கடைசியில் பராமரிப்பு தேவைப்பட்டவர்கள் சுமார் 57 லட்சம் பேர். இந்தக் காப்பீடு வந்து ஏறக்குறைய முப்பது வருஷம் ஆன பிறகும், அவர்களில் நூற்றுக்கு 86 பேர் வீட்டில்தான் இருந்தார்கள். பெரும்பாலும் உறவினர்கள் கையில். பணம் வந்தது, பாசம் ஓடிவிடவில்லை. பாசத்துக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது, அவ்வளவுதான். இரவு நாலு முறை எழுந்து, பகல் பூரா வேலைக்கும் போய் வருகிறவரிடம் பாசம் இருக்கும். அதைக் காட்டுவதற்குத் தெம்பு இருக்காது.

இதுவரைக்கும் நான் அந்தச் சட்டத்தின் கட்சி. ஒரு இடத்தில் மட்டும் இடறுகிறது.

பிள்ளை இல்லாதவர்கள் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 2001-ல் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பிள்ளை வளர்ப்பவர் பணமும் கட்டுகிறார், நாளைக்குப் பணம் கட்டப்போகிற மனிதரையும் வளர்த்துத் தருகிறார்; அவரிடமும் மற்றவரிடமும் ஒரே அளவு வாங்குவது நியாயமில்லை என்றது. 2005 முதல் பிள்ளை இல்லாதவர்களுக்கு, 23 வயது தாண்டினால், கூடுதல் பிடித்தம். 2022-ல் இன்னொரு தீர்ப்பு: ஒரு பிள்ளை வளர்ப்பவரும் ஐந்து பிள்ளை வளர்ப்பவரும் ஒன்றா? 2023 ஜூலை முதல் இரண்டாவது பிள்ளையிலிருந்து ஐந்தாவது வரை, 25 வயது ஆகும்வரை, தலைக்குக் கால் சதவீதம் தள்ளுபடி. அதே மூவாயிரம் யூரோ சம்பளத்தில், 2025 கணக்குப்படி, பிள்ளை இல்லாதவர் 72 யூரோ. ஐந்து சின்னப் பிள்ளைகள் இருப்பவர் 24 யூரோ. நம் மியூனிக் பையன் அந்த 72 யூரோ ரகம். "சீக்கிரம் கல்யாணம் பண்ணுடா" என்று தாம்பரத்திலிருந்து அம்மா சொல்வது போதாதென்று, சம்பளச் சீட்டும் சொல்கிறது!

இந்தக் கூடுதல் பணத்தில் முதலாளிக்குப் பங்கில்லை. ஆனால் வேலை இருக்கிறது. யாருக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டு, அத்தாட்சி வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். 2025 ஜூலையில்தான் அரசு வரித்துறையிலிருந்து கம்ப்யூட்டர் மூலமே தகவல் வர ஆரம்பித்தது. அதுவரை ஹெச்.ஆர். மேஜையில் பிறப்புச் சான்றிதழ்கள். உயிரோடு பிறந்து பிறகு இறந்துபோன பிள்ளைக்கும் அந்தச் சட்டம் மதிப்புக் கொடுக்கிறது. அந்தத் தாய் வாழ்நாள் முழுக்க 'பிள்ளை இல்லாதவர்' ஆக மாட்டார். நல்ல மனசுதான். ஆனால் அந்தச் சலுகைக்காக, இறந்த குழந்தையின் சான்றிதழை எடுத்துக்கொண்டு போய் ஆபீஸ் கிளார்க்கிடம் நீட்டிய தாயை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். எல்லாக் குடும்பத்திலும் இருக்கும் அந்த அக்கா. தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, கல்யாணம் வேண்டாம் என்று அப்பா அம்மாவோடு தங்கிவிட்டவள். ஜெர்மனியிலும் அப்படிப் பெண்கள் இல்லாமலா இருப்பார்கள்? பகலில் வேலை, இரவில் தாயின் கட்டில். அவள் சம்பளச் சீட்டு அவளைப் பார்த்து, "நீ சமுதாயத்துக்குக் குறைவாகக் கொடுத்தவள், கூடுதலாகக் கட்டு" என்கிறது. நீதிமன்றத்தின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. பிள்ளை வளர்ப்பதும் கண்ணுக்குத் தெரியாத உழைப்புதான். ஆனால் பிடித்தப் பட்டியலுக்கு 'இருக்கிறதா, இல்லையா' என்று மட்டும்தான் கேட்கத் தெரியும். 'ஏன்' என்று கேட்கத் தெரியாது. ஏன் என்று கேட்க ஆரம்பித்தால் அது இன்னும் அநாகரிகம் ஆகிவிடும். ஆகவே கேட்காமலே பிடிக்கிறார்கள். பிள்ளையை ஒரு தவணைத் தொகையாகப் பார்க்க ஆரம்பித்த இடத்தில், இந்த நல்ல ஏற்பாடு கொஞ்சம் கோணலாகிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மியூனிக் பையனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? "தம்பி, நீ தினமும் போய் வேலை பார்க்கிற ஊரை யாரோ ஓடவைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ ஏறுகிற ரயிலை ஓட்டுபவர் வீட்டில் ஒரு பாட்டி இருக்கலாம். உன் மேனேஜர் வீட்டில் ஒரு தாத்தா இருக்கலாம். அவர்கள் வேலைக்கு வர முடிந்ததற்கான செலவில் உன் பங்கு இது." அவன் ஒத்துக்கொள்வானோ என்னவோ. அந்தக் கூடுதல் 18 யூரோ விஷயத்தில் நான் அவன் பக்கம் என்றும் சொல்லிவிடுவேன்.

ஆனால் அவனிடம் திருப்பிக் கேட்க எனக்கும் ஒரு கேள்வி உண்டு. உங்களிடமும்தான்.

தாம்பரத்தில் அந்தப் பையனின் அப்பாவுக்கு இப்போது நடக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு அம்மாள் வருவார். குளிப்பாட்டுவார், துணி மாற்றுவார், கஞ்சி ஊட்டுவார், சாயங்காலம் வீட்டுக்குப் போவார். சம்பளம் பையன் அனுப்புகிறான். அப்படியென்றால் அவன் தொழிலாளி மட்டுமல்ல, ஒரு முதலாளியும்கூட. உங்களில் எத்தனையோ பேர் அப்படி முதலாளிகள்தான். அந்தப் பெயரில் உங்களை நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

அந்த அம்மாளுக்குப் பிடித்தம் எதுவும் இல்லை. பிடிப்பதற்குச் சம்பளச் சீட்டே இல்லை. ஊரில் இருக்கிற முதியவர்களையெல்லாம் தூக்கி உட்கார வைத்த இடுப்பு அவருடையது. ஒரு நாள் அது முடியாது என்று சொல்லும்.

அன்றைக்கு அவரைத் தூக்கி உட்கார வைக்க யார் வருவார்கள்? அதற்கான பணத்தில் உங்கள் பாதி எங்கே இருக்கிறது?